சீவரத்தினம் வளவுக்குள் போன சங்கத் தெரு

ஆவரசம்பிட்டிக் கிராமச் சங்கம் வெட்டிய மழைத்தண்ணீர்க் கானுக்குள் விழுந்துதான் குணலட்சுமியின் தொடை எலும்பு முறிந்தது என்று சொன்னால் சங்கத்தாருக்குக் கோபம் வரும். அவர்கள் சொல்லும் நியாயம் வேறு. கான் வெட்டிய இடத்திலேயே கிடந்தது. குணலட்சுமிதான் அதற்குள் போனாள். கான் எழும்பி அவள் வீட்டுக்குப் போகவில்லை. போகவில்லைதான். அவள் வீட்டுப் படலைக்கு நேர் முன்னால், ஒரு பலகைகூட இல்லாமல், இடுப்பளவு ஆழத்துக்கு அதை வெட்டி வைத்தது யார் என்ற கேள்வியை மட்டும் அவர்களிடம் கேட்கக்கூடாது. அந்தக் கானில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடியதையும் இதுவரை எவரும் கண்டதில்லை. ஏன் ஓடவில்லை என்று கேட்டால், ஓடுகிற தண்ணீர் எங்கே போய் விழவேண்டும் என்பதைச் சங்கம் இன்னும் தீர்மானிக்கவில்லை என்று பதில் வரும்.

குணலட்சுமியின் புருஷன் சீவரத்தினம் வாழைத் தோட்டக்காரன். நல்ல மனுஷன். ஊரில் ஒருவனை நல்ல மனுஷன் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்: யார் எதைச் சொன்னாலும் "ஓம்" என்பான். கோட்டுப் போட்டவர்கள் சொன்னால் அவர்கள் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே என்பான்.

பட்டணத்து ஆசுப்பத்திரியில் டாக்குத்தர் குணலட்சுமியின் காலை மட்டை வைத்துக் கட்டிப் படுக்கையில் போட்டிருந்தார். சீவரத்தினத்தைக் கூப்பிட்டு, "வீட்டை கொண்டு போகேக்கை இவவை இருத்தித் தூக்கப்படாது. கிடந்தபடி வண்டிலிலை போக வேணும். குலுக்கம் ஆகாது. வண்டில் வாசல்படி மட்டும் போகுமோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா," என்றான் சீவரத்தினம்.

போகாது. படலையில் கான். கானைத் தாண்டினால் படலையிலிருந்து வீடுவரை நீளமான வளவு. அதில் பாதி பள்ளம், மீதி துருத்திக்கொண்டு நிற்கும் கல்லு. இதைக் கேட்ட குணலட்சுமியின் தம்பி பஞ்சலிங்கம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அவன் சண்டிலிப்பாயில் சொந்த வண்டில் வைத்துப் புகையிலை ஏற்றுகிறவன். எந்தப் பாதையையும் சில்லுக் கணக்கில் பார்க்கிறவன்.

"கானுக்குக் குறுக்கை நாலு பனங்குற்றி. மேலாலை கிறவல் மண். பொழுதுபடுறதுக்கிடையிலை முடிஞ்சுது அத்தான்."

"சங்கத்தைக் கேளாமலோ?"

"கான் வெட்டேக்கை சங்கம் உங்களைக் கேட்டதோ?"

"அது அவையின்ரை கான்."

"விழுந்தது எங்கடை அக்கா."

"ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டுச் செய்வம் பஞ்சு. பிறகு ஒரு கதை வரப்படாது," என்று சொல்லிவிட்டு, சீவரத்தினம் தோய்த்து உலர்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போனான். எல்லாக் கதையும் அங்கேதான் தொடங்கியது.

சங்கத்தின் அக்கிராசனர் ஆழ்வாப்பிள்ளை மலாயாப் பென்சனியர். ஈப்போவுக்கு அப்பால், காட்டுக்குள்ளே இருந்த ஒரு சின்ன ஸ்ரேசனில் மாஸ்டராக இருந்து இளைப்பாறியவர். ஆவரசம்பிட்டியில் றெயில் ஓடாதது அவருக்குப் பெரிய குறை. ஓடுகிற, ஊர்கிற, நிற்கிற மற்றதையெல்லாம் றெயிலாக நினைத்து அவர் ஊரை ஆண்டு வந்தார். மத்தியான வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார்.

சீவரத்தினத்தின் விண்ணப்பத்தைக் கேட்டதும் அவர் கதிரையை விட்டு எழும்பினார். அவர் எழும்பினால் பிரசங்கம் வரும் என்று தெரிந்த அங்கத்தவர்கள் வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்கள்.

"கனவான்களே! கான் ஆற்றை? சங்கத்தின்ரை. அதுக்கு மேலாலை ஒரு தனியாளின்ரை பனங்குற்றி போகலாமோ? இண்டைக்குப் பனங்குற்றி போகும். நாளைக்குத் தென்னங்குற்றி போகும். பிறகு குற்றிக்குக் கீழை இருக்கிற கான் ஆற்றை எண்டு கேள்வி வரும். மலாயாவிலை ஒரு சீனன் எங்கடை லயினுக்கு மேலாலை பலகை போட்டவன். என்ன நடந்தது தெரியுமோ?"

அங்கத்தவர்கள் வாயில் வெற்றிலையோடு காத்திருந்தார்கள்.

"நான் அதை எடுப்பிச்சுப் போட்டன்."

சபை மெச்சியது. அக்கிராசனர் சீவரத்தினத்தின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "ஆனால் சங்கம் இரக்கமில்லாத சங்கமில்லை. சங்கத்தின்ரை கானைத் தாண்ட ஒண்டுக்கு உரிமை இருக்கு. அது சங்கத்தின்ரை தெரு. ஆகையாலை உம்மடை பாதையைச் சங்கத் தெருவாய் நாங்கள் பொறுப்பெடுக்கிறம். சம்மதமோ?"

"ஓம் ஐயா. மெத்தப் பெரிய உபகாரம்," என்ற சீவரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வீட்டுக்குப் போகிற பாதைக்கு ஒரு சங்கமே பொறுப்பு நிற்கப் போகிறது என்றால் யாருக்குத்தான் கலங்காது?

பஞ்சலிங்கம் மட்டும் கலங்கவில்லை. "அத்தான், நீங்கள் படலைக்கு வழி கேட்கப் போய் வளவைக் குடுத்துப்போட்டு வந்திருக்கிறியள்," என்றான்.

மறுகிழமை ஓவசியர் கனிசியஸ் அளவுக் கயிற்றோடு வந்தார். தெருவேலையில் சங்கத்தின் பங்கு மேற்பார்வை. சீவரத்தினத்தின் பங்கு மற்றதெல்லாம். மாமரத்தின் கீழ் ஓவசியருக்குக் கதிரை போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, மைத்துனர் இருவரும் கல்லுச் சுமந்தார்கள். பெரிய கல்லு அடுக்கி, சின்னக் கல்லு நிரப்பி, கிறவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்தார்கள். கானுக்கு மேலே மதகும் கட்டினார்கள். வெயில் மரத்தைச் சுற்றி வர, கதிரையும் அதோடு சுற்றி வந்தது. இடையிடையே கதிரையிலிருந்து, "உதிலை ஒரு கல்லுத் துள்ளிக்கொண்டு நிக்குது," என்று மேற்பார்வை கேட்கும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: தெரு நல்ல வடிவாக வந்தது. கடைசி உருளை இழுத்த மாலை சீவரத்தினம் அதன் ஓரத்தில் நின்று பார்த்தான். படலையிலிருந்து வாசல்படி வரை சிவப்பாக, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் கிடந்தது. இதில் வண்டில் போனால் குணலட்சுமியின் தலைமயிர் அசையாது என்று நினைத்துக்கொண்டு அதில் காலை வைத்தான்.

"ஏய்! காலை எடும்!" என்றார் ஓவசியர்.

தெரு முடிந்தது, திறக்கவில்லை. திறப்பு விழா நடந்து அக்கிராசனர் முதல் அடி வைக்கும்வரை சங்கத் தெருவை மனுஷர் மிதிக்கப்படாது. தெருவாசலில் குறுக்கே கயிறு கட்டப்பட்டது. அன்றிலிருந்து சீவரத்தினம் தன் வீட்டுக்குப் பக்கத்து வளவு மகாதேவியின் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து போய் வந்தான். "முந்தி உன்ரை கோழி வந்தது. இப்ப நீ வாறாய்," என்று மகாதேவி ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். திறக்காத தெருவென்றாலும் பராமரிப்பு உண்டு. காலையில் சருகு கூட்டியாக வேண்டும். மிதிக்காமல் கூட்ட வேண்டும். விளக்குமாற்றை ஒரு நீண்ட மூங்கிலில் கட்டி, ஆற்றில் தோணி தள்ளுகிறவனைப் போல அவன் கரையில் நின்று கூட்டினான்.

இந்த நேரத்தில் மாடு பிடிபட்டது. தன் பட்டியிலிருந்து அவிழ்ந்துபோன சீவரத்தினத்தின் பசுவை, சங்கத் தெருவில் கட்டாக்காலியாக நின்றதென்று சங்கத்து ஆள் கொண்டுபோய் அடைத்துவிட்டான்.

"என்ரை வளவுக்குள்ளை நிண்ட மாடு ஓவசியர் ஐயா," என்று சீவரத்தினம் கெஞ்சினான்.

"வளவு உம்மடை. தெரு எங்கடை. மாட்டின்ரை முன்னங்கால் இரண்டும் தெருவிலை நிண்டது."

"பின்னங்கால்?" என்று பஞ்சலிங்கம் கேட்டான்.

ஓவசியர் கனிசியஸ் நியாயத்துக்குப் பயந்த மனுஷன். கொஞ்சம் யோசித்தார். "பின்னங்கால் இரண்டையும் நீர் கொண்டுபோகலாம். தடையில்லை," என்றார்.

பிறகு, திறப்பு விழாவுக்கு முன் அக்கிராசனர் தெருவைப் பார்வையிட வந்தார். கோட்டுப் பையில் கைவிட்டுக்கொண்டு கரையாலே மெல்ல நடந்து வந்தவர், வீட்டு வாசல்படியில் முட்டினதும் நின்றார். மேலும் கீழும் பார்த்தார்.

"இதென்ன?"

"வீடு ஐயா," என்றான் சீவரத்தினம்.

"வீடெண்டு தெரியுது. தெரு போற வழியிலை என்னத்துக்கு நிக்குது?"

சீவரத்தினம் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வீடு அங்கே நிற்பதற்குக் காரணம் கேட்கப்படும் என்று அவன் ஒருநாளும் எதிர்பார்த்தவனல்ல.

அக்கிராசனர் ஓவசியரைப் பார்த்துச் சொன்னார்: "கனிசியஸ், ஒரு லயின் எண்டால் இரண்டு முனை வேணும். இங்கையிருந்து அங்கை போகும், அங்கையிருந்து இங்கை வரும். ஒருத்தன்ரை கூடத்துக்குள்ளை போய் நிக்கிற லயினை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை. அதுவும் சங்கத்தின்ரை தெரு ஒரு தனியாளின்ரை வாசலிலை முடிஞ்சால் ஊர் என்ன சொல்லும்? சங்கத்தின்ரை சொத்தைச் சீவரத்தினம் தின்னுறான் எண்டு சொல்லும். நான் ஊழலுக்கு இடங்குடுக்கமாட்டன்!"

"வீட்டுக்குப் பின்னாலை ஒழுங்கை ஒண்டு இருக்கு ஐயா," என்றார் ஓவசியர்.

"அப்ப அதிலை கொண்டுபோய்ப் பொருத்தும்."

"நடுவிலை வீடு ஐயா," என்றான் சீவரத்தினம் மெதுவாக.

"வீட்டை இடிக்க ஆர் சொன்னது? சங்கம் அப்பிடி ஒருநாளும் சொல்லாது. தெருவை நேரை விடச் சொல்லுறன். வீடு விலகிறது வீட்டின்ரை காரியம்."

வீடு விலகியது. சீவரத்தினத்தின் வீடு நடுவில் கூடமும் இரண்டு பக்கமும் அறையுமாகக் கட்டியது. கூடம் சரியாகத் தெருவின் நேரில் இருந்தது. கூரையைக் கழற்றி, முன் கதவையும் பின் கதவையும் நிலையோடு பெயர்த்து மகாதேவி வளவில் சாத்திவிட்டுக் கூடத்துக்குள்ளால் கிறவல் போட்டார்கள். சீவரத்தினம் தன்னைத்தானே ஆற்றிக்கொண்டான்: அறை இரண்டும் மிஞ்சியிருக்கிறது, குணலட்சுமியின் கட்டில் கிடக்கிற இடதுபக்க அறைக்கு ஒரு கீறல்கூட இல்லை, வண்டில் வாசல்படியென்ன, கட்டிலடிக்கே வரும். ஒரேயொரு கரைச்சல்தான். சோற்றுப் பானை வலதுபக்க அறையில், பாய் இடதுபக்க அறையில், நடுவில் திறக்காத தெரு. சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டுமானால் யன்னலால் இறங்கி, பொட்டுக்குள்ளால் மகாதேவி வளவுக்குப் போய், வெளிவீதியைச் சுற்றி, மற்ற யன்னலால் ஏற வேண்டும். ஒருநாள் பாதி வழியில் பசித்ததாகக்கூட ஊரில் கதை. அது ஊர் கட்டினது. ஊருக்கு என்ன வேலை?

ஆசுப்பத்திரிக்குப் போய் அவன் குணலட்சுமிக்கு மெல்ல மெல்லச் சொன்னான்.

"கூடம் இப்ப இல்லை."

"இல்லையெண்டால்?"

"தெருவாய் இருக்கு."

"இஞ்சாருங்கோ, நான் கால் முறிஞ்சு கிடக்கிறன். உங்களுக்கு என்ன முறிஞ்சது?"

"உன்ரை அறைக்கு ஒண்டும் ஆகேல்லை. வண்டில் கட்டிலடிக்கே வரும்."

"வரும், வரும். உங்களை விட்டால் கட்டிலுக்கு மேலாலையும் போகும். கண்டறியாத தெருவும் கண்டறியாத சங்கமும். எனக்கு என்ரை வீட்டை போய்ச் சேர வேணும். மிச்சம் ஏதும் இருக்கேக்கை கொண்டுபோய்ச் சேருங்கோ."

கட்டில் வேறு ஆளுக்குத் தேவையென்று ஆசுப்பத்திரி அவளை விட்ட நாளும் திறப்பு விழா நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. பஞ்சலிங்கம் வைக்கோல் மெத்தை போட்டு, அக்காவைக் கிடத்தி, நடைமாட்டில் வண்டிலைக் கொண்டு வந்தான். தெருவாசலில் பந்தல். கதியால் தடிகள் நட்டு, தென்னோலைக் கிடுகால் வேய்ந்து, வாழை கட்டியிருந்தார்கள். வாழை சீவரத்தினத்தின் வாழை. அதற்குள் மேளம், கதிரைகள், மாலையும் கழுத்துமாக அக்கிராசனர். அவருக்கு முன்னால் பட்டணத்தில் வாடகைக்குப் பிடித்த மோட்டார் கார். வண்டில் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றது.

"சில பேர் கேக்கினம், இந்தத் தெருவாலை ஆருக்கு நன்மையெண்டு," அக்கிராசனர் கையை உயர்த்தினார். "நான் கேக்கிறன், நன்மை எண்டு ஒண்டு இருந்தால்தான் தெருவோ? நான் இருந்த ஸ்ரேசனிலை நான் இருந்த காலம் முழுக்க ஒருத்தரும் இறங்கினதில்லை. ஒருத்தரும் ஏறினதில்லை. கோச்சி நிக்கிறதுகூட இல்லை. ஆனால் கொடி காட்டாமல் ஒரு கோச்சியை நான் விட்டதில்லை! அதுதான் கனவான்களே சேவை!"

கைதட்டல் எழும்பியது.

"இந்த வளவுக்காரன் சீவரத்தினம் தன்ரை வீட்டின்ரை நடுப்பாகத்தை மனமுவந்து சங்கத்துக்குத் தந்தவர். அவருக்கு ஒரு மாலை போட வேணுமெண்டு தீர்மானிச்சம். வந்தது ஒரு மாலை. அதை எனக்குப் போட்டிட்டினம். ஆகையாலை அவருக்கு என்ரை நன்றி."

"பஞ்சு," என்றாள் குணலட்சுமி வண்டிலில் கிடந்தபடி, "உந்த மனுஷன் முடிக்கிறதுக்கிடையிலை என்ரை மற்றக் காலும் விறைச்சுப் போகும்."

ஒருவழியாகக் கயிறு வெட்டப்பட்டது. அக்கிராசனர் காரில் ஏறினார். கார் தெருவால் போய், இரண்டு அறைக்கும் நடுவால் புகுந்து, பின் ஒழுங்கையில் இறங்கி மறைந்தது. ஓவசியரும் அங்கத்தவர்களும் மேளமும் அதன் பின்னால் ஓடினார்கள். எல்லாரும் போன பிறகு பஞ்சலிங்கம் வண்டிலை உள்ளே விட்டான். ஒரு குலுக்கம் இல்லை. தெருவைக் குறை சொல்ல ஏலாது.

கூடம் இருந்த இடத்துக்கு வந்ததும் குணலட்சுமி, "நிப்பாட்டு," என்றாள்.

அண்ணாந்து பார்த்தாள். ஆகாயம். ஒரு பக்கம் திரும்பினாள்: அவளுடைய அறை, கொடியில் அவளுடைய சீலை, சுவரில் பிள்ளையார் படம், எல்லாம் தெருவுக்குத் திறந்து கிடந்தது. இதற்குள் கிடந்துதான் அவள் இனி எழும்பி நடக்க வேண்டும், போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கப் பார்க்க. சீவரத்தினம் வண்டிலுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"பஞ்சு, கார் ஒழுங்கையாலை அப்பிடியே போயிடுமோ?"

"எங்கை போறது? முடக்கு ஒடுக்கம். கார் திரும்பாது. பின்பக்கமாய் இதாலைதான் வர வேணும். ஒழுங்கை சங்கத்தின்ரை பழைய தெருவாம், அதை அளக்கத் தேவையில்லையெண்டு ஓவசியர் விட்டுட்டார்."

அவள் தலையைத் தூக்கித் தெருவாசல் பக்கம் பார்த்தாள். "அந்தப் பந்தலிலை நல்ல கதியாலும் கிடுகும் இருக்கு," என்றாள் பிறகு. "அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து முன்னுக்கும் பின்னுக்கும் வேலியைப் போடு."

"சங்கம்..." என்று தொடங்கினான் சீவரத்தினம்.

"நீங்கள் அலவாங்கைப் பிடிச்சுக் கிடங்கு கிண்டுங்கோ!"

"ஓம்," என்றான் சீவரத்தினம்.

பார்த்துக்கொண்டு நின்ற மகாதேவி சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு தன் வளவுக் கயிற்றோடு ஓடி வந்தாள். கார் ஒழுங்கையின் முடக்கில் சிக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் உறுமி, வேர்த்து விறுவிறுத்து அக்கிராசனர் இறங்கி நடந்து வருவதற்கிடையில் சங்கத் தெருவுக்குக் குறுக்கே வீட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு வேலி ஆளுயரத்துக்கு நின்றன.

"பிடுங்கு! ஓவசியர், பிடுங்கும் உதை!"

ஓவசியர் கதியாலில் கை வைக்கப் போனார். போன கை நடுவழியில் நின்றது.

ஆவரசம்பிட்டியில் வேலி வழக்கில்லாத மனுஷன் இன்னும் பிறக்கவில்லை. கூடப்பிறந்தவனோடு, மச்சானோடு, கோயிலோடு, அதுவும் இல்லாவிட்டால் செத்துப்போனவனோடு ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கும். இப்படி ஊர் முழுக்க வழக்கிருந்தும் வேலிகள் நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான்: நட்ட வேலியை நீதவான் கோட்டின் தீர்ப்பில்லாமல் ஒருவரும் தொடமாட்டார். ஒருவன் நாலுபேர் அறியப் பிடுங்கினானோ, நின்ற வேலியைப் பிடுங்கலாம் என்று அவனே ஒத்துக்கொண்டதாகிவிடும். அடுத்தநாள் விடிய அவனுடைய எதிராளி அவனுடைய வேலியைப் பிடுங்கியிருப்பான்.

"ஐயா," என்றார் ஓவசியர், "நான் தமையனோடை வழக்கிலை நிக்கிறன். ஐயா பிடுங்கத் தொடங்கினால் நான் ஒரு கை பிடிக்கிறன்."

அக்கிராசனர் அங்கத்தவர்களைப் பார்த்தார். அங்கத்தவர்கள் மேளகாரரைப் பார்த்தார்கள். மேளகாரர் மேளத்தைப் பார்த்தார். அக்கிராசனர் பல்லைக் கடித்துக்கொண்டு தானே கையை நீட்டினார். வேலிக்கு அப்பால், வண்டிலிலிருந்து குணலட்சுமியின் குரல் வந்தது.

"வையுங்கோ ஐயா, வடிவாய்க் கையை வையுங்கோ. உடுப்பிட்டியிலை உங்களோடை வேலி வழக்காடுற தங்கச்சியார் கேள்விப்பட்டால் நல்லாய்ச் சந்தோசப்படுவா."

நீட்டிய கையால் அக்கிராசனர் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். "கோட்டிலை சந்திப்பம்," என்றார். ஆள் பிடித்து, காரைப் புகையிலைத் தோட்டத்துக்குள்ளால் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சங்கம் வழக்குப் போட்டது. தீர்ப்பு வரும்வரை உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்று கோடு கட்டளையிட்டது: சங்கம் வேலியைத் தொடக்கூடாது; சீவரத்தினம் தெருவின்மேல் கூரை போடக்கூடாது. வழக்கு நடக்கிறது. குணலட்சுமி இப்போது பொல்லூன்றி நடக்கிறாள். தன் வீட்டின் ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்கு, சங்கத் தெருவைக் குறுக்கறுத்து.

மாரி தொடங்கின கையோடு சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் வந்தது. அக்கிராசனர் தெருக்களின் நிலைமை பற்றிப் பேசினார். "எங்கடை தெருக்களெல்லாம் சனம் போய்ப் போய்ப் பழுதாய்ப் போச்சு. ஒரேயொரு தெருவிலை ஒரு பள்ளம் இல்லை, ஒரு சில்லுத் தடம் இல்லை, ஒரு முறைப்பாடும் இல்லை. இரண்டு பக்கமும் வேலி இருக்கிறதுதான் காரணம். ஆகையாலை மற்றத் தெருக்களுக்கும் உதே ஒழுங்கைக் கொண்டு வாறதைப் பற்றிச் சங்கம் யோசிக்க வேணும். சம்மதமானவை கை உயர்த்துங்கோ."

எல்லாரும் உயர்த்தினார்கள். சீவரத்தினம் பின்னால் நின்றபடி உயர்த்தினான்.

நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். குணலட்சுமி இடதுபக்க அறையின் வாசலில் பலகைக் கட்டையில் இருந்தாள். நேற்றிரவு பெய்த மழை கணுக்கால் அளவுக்கு உள்ளே நின்றது.

"என்ன தீர்மானிச்சவை?"

அவன் சொன்னான்.

"நீங்கள் என்ன சொன்னியள்?"

அவன் வேட்டித் தலைப்பைப் பிழிந்தான். அவள் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள். அறைக்குள் நின்ற தண்ணீரைச் செம்பால் அள்ளிச் சங்கத் தெருவில் ஊற்றினாள். நல்ல தெருவுக்குரிய முறைப்படி அதன் நடு உயர்ந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்துவிட்டு, திரும்பி அவளுடைய அறைக்குள்ளேயே வந்தது. அவள் மறுபடியும் அள்ளினாள்.